இரண்டாவது கொண்டல்

ஜெசிந்தாகிட்ட யாரும் பேசக்கூடாது, அவ கையால பச்சைத்தண்ணி வாங்கிக் குடிக்கக்கூடாது, அவளுக்குக் கடையில உப்பு கொடுக்கக்கூடாதுன்னு சங்குமுனை ஊர்க் கமிட்டி தீர்மானம் போட்ட அந்த ஞாயித்துக்கிழமை காலைல, அவ அழவும் இல்ல, மண்ணை வாரித் தூத்தவும் இல்ல, நேரா மாதாகோயில் பங்கு மண்டபத்துக்குப் போனா, எந்தக் காலத்துச் சாமியாரோ கப்பல்ல கொண்டுவந்து போட்டுட்டுப் போன அந்தப் பியானோவைத் திறந்தா, உப்புக்காத்துல அஞ்சாறு கட்டை செத்துக் கிடந்த அதுக்கு முன்னால உக்காந்து, தூத்துக்குடி கான்வென்ட்ல படிக்கையில பரீட்சைக்குன்னு படிச்ச ஒரு பெரிய பாட்டோட முதல் பாகத்தை மட்டும் வாசிச்சா, மூடியைச் சாத்தினா, வீட்டுக்குப் போயிட்டா. அவ போயிட்டா, பாட்டு போகல. மறுநாள் காலைல பத்து மணிக்கு அது தானா வந்துச்சு.

மண்டபம் பூட்டிக் கிடக்கு, சாவி கோயில் மணியடிக்கிற மெலிஞ்சியார் இடுப்புல கிடக்கு, ஜெசிந்தா அவ வீட்டு முத்தத்துல துணி காயப்போட்டுக்கிட்டு நிக்கா, பாட்டு மட்டும் கடல் பக்கமிருந்து தெருத்தெருவா நடந்து வருது. செத்த கட்டைக்கெல்லாம் அதுல சத்தம் இருந்துச்சு. ஏன், எப்படின்னு கேட்டு எங்க ஊருல யாரும் நேரத்தை வீணாக்கல. காத்து ஏன் வருதுன்னு கேட்டா மீன்பிடிக்கிறோம்? எப்ப வருது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னுதான் பார்த்தோம்.

நான் சலேத். கமிட்டித் தலைவர் இன்னாசி என் கூடப்பிறந்த அண்ணன். ஜெசிந்தா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு குட்டைச் சுவர். கருவாட்டுக்காரி சலேத்துக்கு வாய் நீளம்னு ஊருக்கே தெரியும், நல்லவள்னு பேர் வாங்க நான் இதைச் சொல்லல. நடந்ததை நடந்தபடி சொல்றேன், பிடிக்காதவங்க எந்திரிச்சுப் போகலாம்.

ஆவணி மாசம் ஜெசிந்தா புருஷன் கஸ்பார் தனியா கட்டுமரத்துல போனவன் திரும்பல. உடம்பு கிடைக்கல. என் அண்ணன் மகன் ரீகனோட விசைப்படகு அன்னைக்கு அந்தப் பக்கந்தான் வந்துச்சு, தண்ணில கிடந்தவனைப் பார்த்தும் நிக்காம வந்துட்டாங்கன்னு பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் அவகிட்டச் சொல்லியிருக்கான். சொன்னவன் மறுநாளே நான் சொல்லலன்னுட்டான். இவ விடல. டவுன் போலீஸ் ஸ்டேஷன்ல போய் எழுதிக் கொடுத்துட்டா. சாட்சி இருக்கான்னு கேட்டானாம், இல்லன்னாளாம், சாட்சி கிடைச்சா வான்னு அனுப்பிட்டானாம். கடல்ல நடந்ததைக் கரையில பேசலாம், ஸ்டேஷன்ல பேசக்கூடாது. இது எங்க ஊர்க் கட்டுப்பாடு. அதை மீறினதுக்குத்தான் அந்தத் தீர்மானம்.

அவ கேட்டது என்னன்னா ஆறடி மண்ணு. கடல் எடுத்துக்கிட்ட ஆளுக்கு எங்க ஊருல சட்டைக்குழி வைப்போம். அவன் உடுத்தின சட்டையைப் பெட்டியில வச்சு, கல்லறைத் தோட்டத்துல ஆறடி தோண்டிப் புதைச்சு, சிலுவை நடுவோம். நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முன்ன அதை வைக்காட்டி அந்த வருஷம் செத்தவங்க பட்டியல்ல அவன் பேரை வாசிக்கமாட்டாங்க, பேர் வாசிக்காதவன் கரைக்கும் ஆகமாட்டான், கடலுக்கும் ஆகமாட்டான், நடுவுல அலைவான். புகாரை வாபஸ் வாங்கு, ஆறடி தர்றோம்னார் அண்ணன். மாட்டேன்னா அவ. அவ்வளவுதான் வழக்கு.

இப்ப பாட்டுக்கு வர்றேன். எடுத்த எடுப்புல அது கீழ்க்கட்டையில உறுமும், உறுமிக்கிட்டே மேல ஏறும், ஏறின வேகத்துல சட்டுன்னு நிக்கும், நாம மூச்சு விடுறதுக்குள்ள திரும்ப அடியிலயிருந்து உறுமும். கேக்கிறவன் ரத்தம் கொதிச்சிரும். முதல் நாள் ஏலக்கூடத்துல ஏலம் கூறிக்கிட்டு இருந்தவன் நண்டுக்கூடையைத் தூக்கி வியாபாரி தலையில கவுத்தான். முப்பது வருஷமா பெண்டாட்டியை ஒரு வார்த்தை சொல்லாத ராயப்பன், மீன்குழம்பு வாயில வைக்க விளங்கலன்னு ஆரம்பிச்சு முப்பது வருஷத்துக் குழம்பையும் ஒரே மூச்சுல திட்டித் தீர்த்தான், அவளும் அகப்பையை எடுத்துக்கிட்டு, உங்காத்தா வச்ச குழம்பை நாய் குடிக்குமாலேன்னு தெருவுல இறங்கிட்டா. மூணு நிமிஷம் இப்படி. அதுக்கு வடக்கேயிருந்து சீறி வர்ற காத்தோட பேரையே, வாடைன்னு வச்சோம்.

பிறகு அது திரும்பும். அதே விரல்தானான்னு சந்தேகம் வர்ற மாதிரி ஒரு மெல்லிசான பாட்டு வரும், வேற வீட்டுலயிருந்து, வேற தெருவுலயிருந்து வர்ற மாதிரி, யாரையும் எதுவும் கேக்காம. நண்டுக்கூடையைக் கவுத்தவன் வியாபாரி தலைமுடியிலயிருந்து ஒவ்வொரு நண்டா எடுத்து விட்டான். ராயப்பன் பெண்டாட்டி கண்ணைத் துடைச்சிவிட்டு அதே குழம்பைப் பிசைஞ்சு அவளுக்கு ஊட்டினான். ரெண்டு நிமிஷம். அதுக்குக் கிழக்கேயிருந்து இளசா வர்ற காத்தோட பேர், கொண்டல்.

அதுக்குப் பின்னால வர்றதுதான் சுழி. வாடையைக் கொஞ்சம் பிச்சு, கொண்டலைக் கொஞ்சம் பிச்சு, ஒண்ணு மேல ஒண்ணைத் தூக்கி எறியும். வாடையில கோபம் வரும், சுழியில வஞ்சம் வரும், சொன்னா திரும்ப அள்ள முடியாத பேச்செல்லாம் நாக்குல வந்து நிக்கும். ரெண்டாம் நாளே ஊரு கத்துக்கிச்சு: கொண்டல் அடங்குற நேரத்துக்கு அவனவன் வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்தி, ஈரத்துண்டைச் சுருட்டி வாயில திணிச்சிக்கிட்டு, பத்தேகால் மணி அடிக்கிற வரைக்கும் குத்தவச்சு உக்காந்திருக்கணும். அதனால பாட்டோட பின்பாதியை எங்க ஊருல ஒருத்தரும் ஒருத்தரோட ஒருத்தர் சேர்ந்து கேட்டதே இல்ல.

பழகிட்டா பேயும் பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டும். ஒரே மாசத்துல ஊரு பாட்டுக்குத் தக்கன திரும்பிக்கிச்சு. வாடையில சொன்னது வாடையோடன்னு ஒரு சட்டம் வந்துச்சு, அந்த மூணு நிமிஷத்துல யார் யாரை என்ன சொன்னாலும் மனசுல வைக்கக்கூடாது. அதுக்குன்னே நாள் பூரா அடக்கி வச்சிருந்து பத்து மணிக்கு எதிர்வீட்டு வாசலுக்குப் போறவங்களும் இருந்தாங்க, நானும் போயிருக்கேன். பெண் கேட்டு வர்றவங்க ஒன்பதே முக்காலுக்கே வந்து, வாங்க வேண்டிய திட்டை மூணு நிமிஷம் நின்னு வாங்கிட்டு, கொண்டல்ல தட்டை மாத்திட்டு, சுழிக்கு முன்ன வேனைக் கிளப்பிக்கிட்டு ஓடினாங்க. பாவசங்கீர்த்தனத்தைச் சாமியார் கொண்டலுக்கு மாத்தினார், ரெண்டு நிமிஷத்துல மூணு பாவந்தான் கொள்ளும், பெரிய பாவமாப் பார்த்துச் சொல்லுங்கன்னு பூசையில அறிவிச்சார். மீன் ஏத்த வர்ற கேரளத்து லாரிக்காரன் கூடப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்தி டீ குடிச்சிட்டுப் பத்தேகாலுக்கு மேலதான் வருவான்.

ஆனா எத்தனை நாளைக்கு? வாடை முடிஞ்சாலும் மத்தியானம் வரைக்கும் ஒருத்தனும் வலையைத் தொடல. ஒரு நாள் ராயப்பன் பெண்டாட்டிக்குத் துண்டு கிடைக்கல, சுழியில அவ சொன்ன ஒரு சொல்லுக்கு அவன் அன்னைக்கிலயிருந்து படகுலயே படுத்துக்கிடந்தான். கமிட்டி நாலு தடவை கூடிச்சு. பாட்டை நிறுத்தணும்னா வாசிச்சவகிட்டக் கேக்கணும், கேக்கணும்னா பேசணும், பேசினா தீர்மானம் உடையும். எழுதிக் கேப்போமேன்னு ஒருத்தர் சொன்னதுக்கு, எழுத்தும் பேச்சுதான்டான்னார் அண்ணன். தாங்களே பூட்டின வீட்டுக்குள்ள சாவியை விட்டுட்டு வெளிய நின்ன கதை.

அப்பத்தான் என்னை அனுப்பினாங்க. எனக்கு ஜாடைப் பேச்சு கைவந்த கலை. சுவர் ஓரமா என் கோழிக்குத் தவிடு வச்சிக்கிட்டு, "ஏ கோழி, ஊரை இப்படிப் பாடாப் படுத்துறியே, உனக்கு மனசாட்சி இருக்கா? பாட்டை நிறுத்தித் தொலைச்சா என்ன?"ன்னேன்.

அந்தப் பக்கம் ஜெசிந்தா பானை தேய்ச்சுக்கிட்டு இருந்தா. நிமிரவே இல்ல. "ஏ பானை"ன்னா, "நான் வாசிச்சது ஒரு தடவை. மத்த நாளெல்லாம் வாசிக்கிறது நானில்ல. ஆறடி மண்ணைக் கொடுக்கச் சொல்லு அந்தக் கோழிக்காரியை."

"ஏ கோழி, புகாரை வாபஸ் வாங்கினா ஆறடி என்ன, அறுபது அடி கிடைக்கும்."

"ஏ பானை, கரிகரியா ஒட்டியிருக்கியே, எத்தனை தேய்ச்சாலும் போகமாட்டேங்கியே." அதைச் சொல்லும்போது மட்டும் என்னை நேரா பார்த்தா. எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தவிட்டுச் சட்டியைச் சுவத்துல அடிச்சேன். பார்வைக்கு ஏன் அத்தனை ஆத்திரம்னு பிறகு சொல்றேன்.

மறுநாளிலயிருந்து அவ வேற ஒண்ணு ஆரம்பிச்சா. கஸ்பாரோட நீலச் சட்டையை ஒரு மரப்பெட்டியில வச்சு, வாடை நேரத்துலயே தூக்கிக்கிட்டுக் கிளம்பி, வழி நெடுக எங்க வசவை வாங்கிக்கிட்டு, கொண்டல் வரும்போது கல்லறைத் தோட்டத்து வாசல்ல போய் நிப்பா. கொண்டல்ல எவனுக்கு மனசு கேக்கும்? மெலிஞ்சியார் ஓடிப்போய் மண்வெட்டியை எடுத்து, தாயே, இந்தா தோண்டிட்டேன், இந்தா ஆயிருச்சுன்னு அழுதுக்கிட்டே ரெண்டு வெட்டு வெட்டுவார். மூணாவது வெட்டுக்குக் கை ஓங்கும்போது சுழி வந்துரும். "போலீஸ்ல போய்ச் சொல்றவளுக்குக் குழி ஒரு கேடா?"ன்னு வெட்டின மண்ணைக் காலாலயே தள்ளி மூடிட்டு, துண்டைத் தேடி ஓடுவார். இப்படி இருபத்தேழு நாள் தோண்டினாங்க, இருபத்தேழு நாள் மூடினாங்க. அவ ஒரு நாள் கூட வராம இருந்ததில்ல.

அக்டோபர் கடைசியில நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். வேற யார் தலையிலயும் நான் பழி போடல.

"அண்ணே, முதல் கொண்டலுக்குப் பின்னால சுழி வர்றதாலதான் ஒரு வேலையும் முடிய மாட்டேங்கு. துண்டோட மல்லுக்கட்டுறதுல நாம கவனிக்கல, பாட்டு முடியப்போற நேரத்துல வாடை ஒரு தடவை, கொண்டல் ஒரு தடவை திரும்ப வருதாம், முன்ன அவகிட்டப் பியானோ படிச்ச பிள்ளைங்க சொல்லுதுக. அந்த ரெண்டாவது கொண்டல்ல எல்லாரும் கூடி நின்னு, நீ அவளைப் பார்த்து, தீர்மானம் போச்சுன்னு தெரிய, வான்னு ஒரு சொல்லு சொல்லு. அவ மனசும் அந்நேரம் இளகித்தானே கிடக்கும்? அந்தச் சூட்டோட புகாரை வாபஸ் வாங்குன்னு கேளு, சரின்னுருவா. பாட்டும் முடிஞ்சிரும், நாள் பூரா நமக்கிருக்கு, குழியை வெட்டிக் கொடுத்துருவோம்."

அண்ணன் மீசையைத் தடவினார். "அதுவரைக்கும் சுழியை எப்படிம்மா தாங்குறது? வாயில துண்டு இருந்தா வான்னு எப்படிச் சொல்றது?"

"வாயை விட்டுட்டுக் கையைக் கட்டுவோம்"னேன். கரைவலை இழுக்கிற கயிறு ஊருல இல்லாமலா போச்சு? அண்ணன் முகம் தெளிஞ்சுச்சு. மூலையில உக்காந்து போனை நோண்டிக்கிட்டு இருந்த ரீகன் மட்டும், "நான் வரலப்பா"ன்னான். "நீ வராட்டி ஊரு என்னலே நினைக்கும்?"னு அதட்டி உக்கார வச்சார்.

நவம்பர் ஒண்ணாம் தேதி காலைல பிள்ளைகளை எல்லாம் பக்கத்து ஊருக்கு அனுப்பிட்டு, கல்லறைத் தோட்டத்து வேலி ஓரமா ஊரே வரிசையா நின்னுச்சு. கடல் தண்ணில நனைச்ச கயிறு, ஒரே நீளம். அண்ணன், ரீகன், சாமியார், மெலிஞ்சியார், ராயப்பன், அவன் பெண்டாட்டி எல்லாரையும் மணிக்கட்டோட சேர்த்துக் கட்டிட்டு, கடைசி முடிச்சை என் கையில நானே பல்லால கடிச்சு இழுத்துக்கிட்டேன். ஜெசிந்தா பெட்டியோட வந்து எதிரே நின்னா. அவளைக் கட்ட ஆளில்ல, கட்டணும்னா பேசணுமே. பத்து அடிச்சுச்சு.

வாடையைத் தாங்கினோம். கொண்டல்ல அழுதோம். சுழியில நாங்க பேசினதை நான் இங்க சொல்லமாட்டேன், ஒருத்தர் ஒருத்தரைக் கடிக்கப் பாய்ஞ்சோம், இழுத்த இழுப்புல முடிச்செல்லாம் கல்லு மாதிரி இறுகிருச்சு, சாமியார் வாயிலயிருந்து வந்ததைக் கேட்டு ராயப்பனே வெக்கப்பட்டான். வாடை திரும்ப வந்துச்சு, முன்னைவிட மூர்க்கமா. தாங்குங்கடா, இன்னும் கொஞ்ச நேரந்தான்னு அண்ணன் கத்துனார். வாடை அடங்கிச்சு. ரெண்டாவது கொண்டல் வந்துச்சு.

அதே பாட்டுதான். அதே ஏத்தம், அதே இறக்கம், ஒரு சொட்டு கூடுதலில்ல, குறைச்சலில்ல. ஆனா முதல் தடவை வேற வீட்டுலயிருந்து வந்தது, இந்தத் தடவை வாடையோட வீட்டுக்குள்ள வந்து நின்னுக்கிட்டுப் பாடுச்சு. வாடையோட சுருதியில, வாடையோட இருட்டுல. மெல்லிசாத்தான் இருந்துச்சு, ஆனா இளக்கம் இல்ல. பிணத்தைக் குளிப்பாட்டுற கை மாதிரி மெதுவா எங்க மேல எல்லாம் நடந்துச்சு. ஐயோ, இத்தனை நாளும் இந்த நேரத்துல துண்டுக்குள்ள நாங்க முனகினது வசவில்ல, மறைச்சு வச்ச உண்மைன்னு எனக்கு அந்த நிமிஷம் விளங்கிச்சு.

அண்ணன் வான்னு சொல்ல வாயைத் திறந்தார். குழந்தைகிட்டப் பேசுற குரல்ல, "என் மகன் பார்த்தான், ஜெசிந்தா"ன்னார். "உன் புருஷன் கையைத் தூக்கினதைப் பார்த்தான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

ரீகன் அதைவிட மெதுவாச் சொன்னான். "கையைத் தூக்கி என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க மைனி. வலையில மீன் பாரமாக் கிடந்துச்சு. நின்னா வலையை அறுத்துவிடணும். எஞ்சினை முறுக்கிட்டேன். ரெண்டாவது தடவையும் கூப்பிட்டாங்க."

மூணாவதா வந்த குரல் என்னோடது. பேசக்கூடாதுன்னுதான் பல்லைக் கடிச்சேன், பாட்டு என் பல்லைத் திறந்துச்சு. "என் அடுப்படிக்கு வந்துதான் ரீகன் முதல்ல சொன்னான். மோர் ஊத்திக் கொடுத்தேன். அப்பவே வள்ளத்தை அனுப்பியிருந்தா ஆள் கிடைச்சிருப்பான். வாயை மூடிக்கோன்னு சொன்னது நான்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நீ உன் புருஷனுக்கு மீன் பொரிச்சு வச்சிக்கிட்டுப் பாடிக்கிட்டு இருந்தே, எனக்குக் கேட்டுச்சு."

ஜெசிந்தா எங்க மூணு பேரையும் ஒவ்வொருத்தரா பார்த்தா. "உங்களை நான் மன்னிக்கல"ன்னா. அதையும் தாலாட்டுப் பாடுற மாதிரிதான் சொன்னா. பாட்டு ரெண்டு அடி அடிச்சு நின்னுச்சு. அதோட சரி, பிறகு சங்குமுனைக்கு அது வரவே இல்ல.

"வாம்மா ஜெசிந்தா"ன்னார் அண்ணன், இப்ப அவரோட சொந்தக் குரல்ல. அந்தச் சொல்லை வாங்க ஆளில்ல. அவ மண்வெட்டியை எடுத்துட்டா.

ஆறடி. மணல் சரியச் சரிய அவ ஒருத்தியாத் தோண்டினா. எத்தனை முறுக்கினாலும் முடிச்சு இளகல, வெயில் உச்சிக்கு ஏறுது, ஊரே கட்டுண்டு நின்னு பார்த்துக்கிட்டு இருக்கோம், ஒரு சட்டி மண்ணு அள்ளிக் கொடுக்க ஒருத்தருக்கும் கை இல்ல. ராயப்பன் பெண்டாட்டி, யம்மா கொஞ்சம் நிழல்ல உக்காரும்மான்னு அழுதா. அவ காதுல விழுந்ததாத் தெரியல. பெட்டியை இறக்கினா, மூடினா, சிலுவையை நட்டா. சாமியார் கட்டுண்ட கையோடயே ஜெபம் சொல்லி, கஸ்பார் பேரை நாளைக்கு முதல்ல வாசிப்பேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னார்.

பிறகு அவ இடுப்புல இருந்த மீன்கத்தியை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தா. குத்தட்டும்னுதான் நின்னேன், குத்தினாலும் நியாயம்தான். என் கயித்தை அறுத்தா. கத்தியை என் உள்ளங்கையில வச்சா, ரோட்டுப் பக்கம் நடந்துட்டா.

எனக்குப் பக்கத்துல ரீகன் கையை நீட்டினான். "அத்தை, அறுங்கத்தை." நான் தூக்கி வளர்த்த பிள்ளை, மூணு வயசு வரைக்கும் என் மடியிலதான் தூங்குவான். அவனைத் தாண்டிப்போய் அண்ணன் கயித்தை அறுத்து, கத்தியை அவர் கையில கொடுத்தேன். "உன் மகன் கட்டை நீ அறு, இல்ல அறுக்காம விடு. நான் போறேன்"னேன். "எங்கட்டி போறே?"ன்னு கத்தினார். அவருக்கே தெரியும் நான் எங்க போறேன்னு.

பஸ் ஸ்டாப்புல அவ நின்னா, நாலு முழம் தள்ளி நான் நின்னேன். அவ கையெல்லாம் கொப்புளம், என் மணிக்கட்டுல கயித்துத் தழும்பு. நான் சாட்சி சொல்றேன், ஜெசிந்தான்னேன். அவ ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்னா. என்னோட பேசச் சொல்லி எந்தக் கமிட்டி அவளுக்குத் தீர்மானம் போடும்? பஸ் வந்துச்சு. அவ முன்னால ஏறினா, நான் பின்னால ஏறினேன். எத்தனை பேருன்னு கண்டக்டர் கேட்டான். நான் மடியில சில்லறையைத் துழாவினேன்.

"போலீஸ் ஸ்டேஷன் ஸ்டாப்பு"ன்னா ஜெசிந்தா கண்டக்டர்கிட்ட. "ரெண்டு."